பாயில் உருளலாம், பந்தியில் உட்காரக் கூடாதா?

கொஞ்சம் காட்டமான பதிவு. புனேயில் இருக்கும் நம்ம ஜனங்களில் யாராவது படித்துவிட்டு 'இது என்னைத்தான்' என்று நினைத்தால்... ஆமாம், உங்களைத்தான் :-)

விஷயம் இதுதான். பிள்ளையை ஐகிடோவில் சேர்க்கிறோம். மாசாமாசம் ஃபீஸ் கட்டுகிறோம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை செமினார் வரும், அதற்கும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோம். ஆனால் செமினார் முடிந்து எல்லோரும் வட்டமாகச் சாப்பிட உட்காரும்போது நம்ம வீட்டுப் பிள்ளை மட்டும் அங்கே இருக்காது. பெல்ட்டை அவிழ்ப்பதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். "சாயங்காலம் டியூஷன் இருக்கு, கிளம்பு கிளம்பு!" கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்பினால் சம்பந்தி வீட்டில் மூணு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள் என்று தெரிந்தவர்கள் நாம். இங்கே மட்டும் எப்படி மறந்துபோகிறது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செமினார் என்றதும் பவர்பாயிண்ட், கழுத்தில் தொங்கும் அட்டை, நாலு மணி சமோசா என்று நினைக்க வேண்டாம். வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ மூத்த ஆசிரியர் ஒருவர் வருவார். சனி, ஞாயிறு இரண்டு நாள். ஒரு பள்ளிக்கூட ஹாலையோ பாட்மின்டன் கோர்ட்டையோ வாடகைக்கு எடுத்து, கோத்துப் போடும் ரப்பர் பாய்களை டெம்போவில் கொண்டுவந்து விரிப்பார்கள். மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். சென்செய் நடுவில் நின்று ஷிஹோநாகே, கோதேகாயேஷி என்று ஒவ்வொரு முறையையும் சில தடவை செய்துகாட்டுவார். பிறகு எல்லோரும் ஜோடி சேர்ந்து அதையே செய்ய வேண்டும். அடுத்த முறைக்கு வேறு ஜோடி. பதினாலு வயசுப் பையனுக்கு எதிரே ஐம்பத்தஞ்சு வயசு பாங்க் மேனேஜர் நிற்பார். ஞாயிறு கடைசியில் கிரேடிங், அப்புறம் சாப்பாடு.

இந்த ஜோடி சமாச்சாரத்தில்தான் ஐகிடோவின் உயிரே இருக்கிறது. மொரிஹெய் உஎஷிபா (1883–1969) உருவாக்கிய கலை இது. அதன் பிரதான மரபான டோக்கியோ ஐகிகாயில் போட்டி என்பதே கிடையாது (கென்ஜி டொமிகி வழிவந்தவர்கள் போட்டி வைக்கிறார்கள், அது தனிக் கிளை). ஒருவர் தாக்க வேண்டும், மற்றவர் அவரைத் திருப்பிக் கீழே போட வேண்டும், பிறகு முறை மாற வேண்டும். தாக்கி விழுபவருக்கு உகே என்று பெயர். அடிபடாமல் விழுவதற்கு உகெமி என்று பெயர், படிப்பில் பாதி அதுதான். என் மணிக்கட்டையும் தோளையும் உன்னிடம் தருகிறேன், ஒடிக்காமல் திருப்பிக் கொடு என்கிற நம்பிக்கை இல்லாமல் ஒரு நிமிஷம்கூட இதைப் பழக முடியாது.

நம்ம அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஸ்டேட் லெவல் டோர்னமெண்ட் எப்போ சார்?" இல்லை என்றால் முகம் சுருங்கும். இரண்டாவது கேள்வி, "பிளாக் பெல்ட்டுக்கு எத்தனை மாசம்?" ஐகிகாயின் சர்வதேச விதிப்படி முதல் டானுக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும், ஒன்றாம் கியூ வாங்கிய பிறகு குறைந்தது 70 நாள் பயிற்சி செய்திருக்க வேண்டும். இரண்டாம் டானுக்கு ஒரு வருஷமும் 200 நாளும். கவனித்தீர்களா? எத்தனை பேரை ஜெயித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை நாள் மற்றவர்களோடு சேர்ந்து உருண்டாய் என்றுதான் கேட்கிறார்கள்.

சாப்பாடு இந்தக் கலைக்கு வெளியே ஒட்டவைத்த வால் இல்லை. டோக்கியோ தலைமை டோஜோவிலேயே ஜனவரியில் ககாமி பிராகி என்று புத்தாண்டு விழா வைப்பது வழக்கம். செய்துகாட்டல் நடக்கும், டான் உயர்வு பெற்றவர்களை அறிவிப்பார்கள், அப்புறம் எல்லோருக்கும் ஒஷிருகோ கொடுப்பார்கள். சிவப்புப் பயறும் சர்க்கரையும் அரிசிக் கொழுக்கட்டையும் போட்டுச் செய்வது, நம்ம பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. கலையின் தலைமை வீட்டிலேயே சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நமக்கு மட்டும் நேரமில்லையாம்.

இனி சாக்குகளைப் பார்ப்போம்.

"படிப்பு கெட்டுப்போகும்." ரெண்டு நாள் உருண்ட பிள்ளை அன்றைக்குச் சாயங்காலம் புத்தகத்தைத் திறந்து தூங்கத்தான் போகிறது. ஒன்றரை மணி நேரம் சாப்பிட உட்கார்ந்தால் ஐஐடி ஓடிப்போகாது.

"நாங்க சைவம்." மகாராஷ்டிரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? பிட்லா பாக்ரியும் மிசலும் தாலிபீட்டும் எந்த மிருகத்தைக் கொன்று செய்தது?

"நம்ம சிலம்பம் இருக்க, ஜப்பான்காரன் கலை எதுக்கு?" தாராளமாகச் சிலம்பம் கற்றுக்கொடுங்கள், கைதட்டுகிறேன். ஆனால் இந்தக் கேள்வி சேர்க்கும்போது வரவில்லையே? சாப்பிடக் கூப்பிடும்போது மட்டும் ஏன் வருகிறது?

"தண்ணி அடிப்பாங்க." இது நியாயமான புகார். எல்லா இடத்திலும் இல்லை, சில இடங்களில் உண்டு. இங்கே நான் பெற்றோர் பக்கம்தான். ஏற்பாடு செய்கிறவர்களே, பிள்ளைகள் இருக்கிற மேஜையில் பாட்டில் எதற்கு? ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு பாரில் வைத்தால் பெண்பிள்ளைகளும் அம்மாக்களும் எப்படி வருவார்கள்? வராதவர்களை 'ஒட்டாதவர்கள்' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? ஜப்பானில் இரண்டாம் சுற்றுக்கு நிஜிகாய் என்று தனிப் பெயரே உண்டு. வேண்டிய பெரியவர்கள் அங்கே போகட்டும். முதல் சுற்று ஞாயிறு மதியம், எல்லோருக்கும் பொதுவாக, பாட்டில் இல்லாமல் இருக்க வேண்டும். ஸ்டார் ஹோட்டல் பஃபேயும் வேண்டாம். அந்தச் செலவுக்குப் பயந்தே ஒதுங்குகிற குடும்பங்கள் உண்டு. ஆளுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தால் போதும்.

ஆனால் பெற்றோரே, குறை இருந்தால் போய்ச் சொல்லுங்கள். மாற்றச் சொல்லிக் கேளுங்கள். காருக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிப்பது எதையும் மாற்றாது.

"எங்களை இன்னும் மதராசின்னுதான் கூப்பிடறாங்க" என்று தங்கமணிகளும் ரங்கமணிகளும் புலம்புவதை நிறையக் கேட்டிருக்கிறேன். கூப்பிடுவது தப்புதான். ஆனால் உங்கள் பேரைச் சொல்லும் அளவுக்கு அவர்கள் பக்கத்தில் எப்போது உட்கார்ந்தீர்கள்? பொங்கலுக்குப் பார்க்கும் அதே நாற்பது தமிழ் முகங்கள், அதே அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழு. அது வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து வருஷமாக அது மட்டும்தான் என்றால் இந்த ஊரில் நாம் குடியிருக்கவில்லை, ரூம் போட்டிருக்கிறோம்.

ஒரு மழைக்காலத்தில் வாகட் பக்கம் இருக்கும் நம்மூர்க் குடும்பம் ஒன்றில் அம்மாவுக்கு டெங்கு. பிளேட்லெட் மளமளவென்று இறங்கிவிட்டது, உடனே ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா நம்ம குழுவில் செய்தி போட்டார். கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன, ஆள் வரவில்லை. பதினாறு வயசுப் பெண் தன் டோஜோ அண்ணன் ஒருத்தரைக் கூப்பிட்டாள். ரெண்டு மணி நேரத்தில் மூணு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தர் மராட்டிக்காரர், ஒருத்தர் மலையாளி, ஒரு வங்காளிப் பெண். ரெண்டு பேரிடம் எடுத்தார்கள். மூன்றாமவர் மறுநாள் சாப்பாடு கொண்டுவந்தார். அப்பாவுக்கு அவர்கள் பேர் தெரியாது. பெண்ணுக்குத் தெரியும், யாருக்குக் காரம் ஆகாது என்பது வரைக்கும் தெரியும். ஏனென்றால் அவள் ஒவ்வொரு செமினாரிலும் அடம்பிடித்துச் சாப்பாட்டுக்கு இருந்தவள்.

ரத்தம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பழகச் சொல்லவில்லை, அப்படிப் பழகினால் ஒட்டாது. சொந்தபந்தம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளைக்கு அத்தை மாமா என்று கூப்பிட இங்கேயும் நாலு பேர் வேண்டாமா?

அதனால் அடுத்த செமினாருக்கு மூன்றே மூன்று வேண்டுகோள். பிள்ளையை இறக்கிவிட்டு ஓடாமல் கடைசி ஒரு மணி நேரம் உள்ளே வந்து பாருங்கள். பாய் மடிக்கும்போது ஒரு கை கொடுங்கள். ஒரு பெரிய டப்பா புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காருங்கள். புளியோதரை தீர்ந்துபோகும், அதற்கு நான் ஜாமீன் :-)

டிஸ்கி: டியூஷன் வாத்தியார்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஞாயிறு லீவு விட்டால் நீங்களும் வந்து சாப்பிடலாம்.