தொட்டியில் திருக்கை: விக்கலாமா, கூடாதா?

மீன் வளர்க்கிற பைத்தியத்துக்கு ஒரு படிக்கட்டு இருக்குங்க. முதல் படி கப்பியும் மோலியும். அடுத்தது கோல்டு ஃபிஷ், ஏஞ்சல். கையில கொஞ்சம் காசும் மனசுல கொஞ்சம் திமிரும் சேர்ந்ததும் டிஸ்கஸ். அதுக்கும் மேல ஏறினவங்களுக்கு வர்ற ஜுரத்துக்குப் பேருதான் 'மான்ஸ்டர் டேங்க்'. மேல்தண்ணியில அரோவானா, தரையில திருக்கை. வீட்டுக்கு வர்றவன் வாயைப் பொளந்து பார்க்கணும், அவ்வளவுதான் நோக்கம்.

கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் சுத்துறவங்க பார்த்திருப்பீங்க. குட்டித் திருக்கை ஒரு ஊத்தப்பம் அளவுக்குத்தான் இருக்கும். ஓரமெல்லாம் பாவாடை விளிம்பு மாதிரி அலை அலையா ஆடும். கண்ணாடியில ஒட்டிக்கிட்டு மேலே ஏறும்போது அடிப்பக்கம் தெரியும். மூக்குத் துவாரம் ரெண்டும் கண்ணு மாதிரியும், வாய் சிரிக்கிற மாதிரியும் இருக்கும். அந்தச் சிரிப்புலயே பாதிப் பேர் விழுந்துடுறாங்க. அப்ப வாங்குறவர் கேட்கிற ஒரே கேள்வி, "அண்ணே, இதை விக்கிறது லீகலா?" கடைக்காரர் பதிலும் ரெடி: "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி."

பிரச்சினை இருக்கு. ஆனா அவர் பயப்படுற இடத்துல மட்டும் இல்லை.

முதல்ல சட்டத்தைப் பார்த்துடுவோம். தொட்டிக்கு வர்ற திருக்கை நம்ம காசிமேட்டுக் கடல் திருக்கை இல்லை. தென் அமெரிக்க ஆறுகள்ல வாழுற நன்னீர்த் திருக்கை. பொட்டாமோட்ரைகன் என்பது இனப்பேர். பழுப்பு உடம்புல ஆரஞ்சு வளையம் இருந்தா மோட்டோரோ. கறுப்பு உடம்புல பால் சொட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தா லியோபோல்டி. இந்த லியோபோல்டி உலகத்துல பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையை விட்டா வேறெங்கும் இயற்கையா கிடையாது. அந்த ஆத்துக்குக் குறுக்கேதான் பெலோ மோன்டே அணையைக் கட்டியிருக்காங்க.

நம்ம கட்லா ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டை போடும். திருக்கை முட்டையே போடாது. மாசக்கணக்கா வயித்துல சுமந்து, விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் குட்டி போடும். அப்படிப்பட்ட மீனை ஆத்துல இருந்து அள்ளிக்கிட்டே இருந்தா என்ன மிஞ்சும்? அதனாலதான் உயிரின வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலுக்கு இது வந்தது. 2017ல பிரேசிலும் கொலம்பியாவும் தங்கள் நாட்டு நன்னீர்த் திருக்கைகள் சிலதை மூணாவது பட்டியல்ல சேர்த்தாங்க. 2022 நவம்பர்ல பனாமாவில நடந்த மாநாட்டுல லியோபோல்டி உட்பட ஏழு வகையை இன்னும் கடுமையான ரெண்டாவது பட்டியலுக்கு ஏத்தினாங்க. மோட்டோரோ அந்த ஏழுல இல்லை.

நம்ம நாட்டுல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022ல திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டு வந்தாங்க. அதுல நான்காம் அட்டவணைனு ஒண்ணு, இந்த சைட்டிஸ் உயிரினங்களுக்காகவே. அந்த அட்டவணையில இருக்கிற உயிரை வீட்டுல வெச்சிருக்கிறவர் அரசுக்குத் தெரிவிச்சுப் பதிவு பண்ணணும். கை மாறினா சொல்லணும், குட்டி போட்டா சொல்லணும், செத்தாலும் சொல்லணும். 2024ல அதுக்குத் தனி விதிமுறையே வந்து, பரிவேஷ் இணையதளத்துல பதியச் சொல்லிட்டாங்க. ஆக, ஒட்டுமொத்தத் தடை இல்லை. ஆனா காகிதம் வேணும்.

ஆசிய அரோவானாவைப் பாருங்க. பண்ணையில பொறந்ததுன்னா உடம்புக்குள்ள மைக்ரோசிப், கூடவே ஒரு சான்றிதழ். திருக்கை? ஆக்ஸிஜன் அடைச்ச பாலித்தீன் பையும் ஒரு ரப்பர் பேண்டும். என்ன வகைன்னு கேட்டா "ஹைப்ரிட் தம்பி"ங்கிறாங்க. தென்கிழக்காசியப் பண்ணைகள்ல மோட்டோரோவையும் லியோபோல்டியையும் கலந்து குட்டி எடுக்கிறது உண்மைதான். ஆனா கலப்புன்னு சொன்னதும் கணக்கு தீர்ந்துடாது. முந்தின நாலு தலைமுறைக்குள்ள ரெண்டாவது பட்டியல் மீன் ஒண்ணு இருந்தாக்கூட அந்தக் குட்டியும் பட்டியல்தான்னு சைட்டிஸ் நாடுகள் முடிவு பண்ணி வெச்சிருக்கு.

சரி, காகிதம் எல்லாம் சுத்தமா இருக்குன்னே வெச்சுக்குவோம். என்னோட சண்டையே இங்கதான் ஆரம்பிக்குது. இந்தச் சட்டம் ஷிங்கு ஆத்தைக் காப்பாத்துறதுக்காக எழுதினது. உங்க வீட்டு ஹால்ல இருக்கிற அந்த ஒத்தை மீனைப் பத்தி அதுக்கு எந்தக் கவலையும் இல்லை.

ஊத்தப்பமா வர்ற மோட்டோரோ வளர்ந்தா அரை மீட்டர் அகலம், வால் தனி. திருக்கைக்குத் தொட்டியோட உயரம் எதுக்கும் உதவாது, தரைதான் வேணும். எட்டடிக்கு மூணடி தரை இல்லாம அது நிம்மதியா திரும்பவே முடியாது. செதில் கிடையாது, அதனால கூரான கல் இருந்தா கிழியும், ஹீட்டர் மேல படுத்தா வெந்துடும். நோய்னு தாமிரம் கலந்த மருந்தை ஊத்தினா மருந்தே எமன். தீனியோ வண்டி வண்டியா தின்னும். தின்னதெல்லாம் அம்மோனியாவாகும், அந்த அம்மோனியாவைத் தாங்குற சக்தி இதுக்குக் கொஞ்சமும் இல்லை. அதாவது, ஊர்லயே அதிகமா அழுக்குப் பண்ற மீனும் இதுதான், அழுக்கை ஒரு நாள்கூடத் தாங்காத மீனும் இதுதான்.

அண்ணா நகர்ல எனக்கு ஒரு நண்பர். குட்டி வாங்கும்போது "நாலடித் தொட்டி போதும்"னு சொல்லி வித்திருக்காங்க. ஒன்றரை வருஷத்துல மீன் தொட்டியோட அகலத்தை அடைச்சுக்கிச்சு. முன்னாடி போகும், சுவத்துல முட்டும், சுருண்டு திரும்பும். பெரிய தொட்டி வாங்க வீட்டுல இடமில்லை. வித்த கடையிலயே திருப்பிக் கொடுக்கலாம்னு போனா, "பெருசு யாரும் வாங்க மாட்டாங்க சார்"னுட்டாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தது, ஞாபகம் இருக்கும். தெருவுல இடுப்பளவு தண்ணி, நாள்கணக்கா கரண்ட் இல்லை. மனுஷன் கைப்பம்பை வெச்சுக் காத்து அடிச்சார், ராத்திரி பூரா வாளியால தண்ணி மொண்டு ஊத்தினார். மூணாம் நாள் காலையில அந்தப் பாவாடை விளிம்பு ஆடவே இல்லை. ஊரெல்லாம் தண்ணி, அதுக்கு மட்டும் நல்ல தண்ணி இல்லை.

சாகாததெல்லாம் எங்கே போகும்? இது இன்னும் பெரிய தலைவலி. 'டேங்க் கிளீனர்'னு வித்த மீனைத் தூக்கிப் போட்டுப் போட்டு, இன்னிக்கு நம்ம ஏரிகள்ல வலையைப் போட்டா அதுதான் வருது. சிங்கப்பூர்ல திருக்கையே அப்படி ஆயிருக்கு. அங்கே அப்பர் செலட்டார் நீர்த்தேக்கத்துல, யாரோ கொண்டு போய் விட்ட மோட்டோரோ இனம் பெருக்கி நிலைச்சுட்டதா 2010லயே ஆய்வாளர்கள் எழுதிட்டாங்க. அமேசான்ல இருக்க வேண்டியது சிங்கப்பூர்க் குடிநீர்த் தேக்கத்துல! அந்த ஊரு வெயில் ஒத்துக்கிட்டா ரெட்டேரியும் புழலும் ஒத்துக்காதா என்ன? இந்தப் பயத்துலதான் அமெரிக்காவுல கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்கள்ல நன்னீர்த் திருக்கை மொத்தக் குடும்பத்துக்குமே தடை.

வாலுல விஷ முள் இருக்கிறதைத் தனியா சொல்லணுமா? ஸ்டீவ் இர்வின் 2006ல போனது கடல் திருக்கையால, அது நெஞ்சுல குத்தினதால. வீட்டுத் திருக்கை குத்தினா பொதுவா உயிர் போகாது, ஆனா வலியில உயிர் போயிட்டா தேவலைன்னு இருக்குமாம், சதையும் அழுகும். பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல காலையோ கையையோ முக்கி வெச்சுக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். குட்டியை விக்கும்போது இதை எந்தக் கடையிலயும் சொல்லி நான் கேட்டதில்லை.

மத்திய அரசு 2017 மே மாசம் மீன் தொட்டிக் கடைகளுக்குன்னு விதிகள் கொண்டு வந்தது. கண்ணாடிக் கிண்ணத்துல மீன் வைக்கக் கூடாது, கடைகள் பதிவு பண்ணணும்னு சில நல்ல விஷயமும் இருந்தது. கூடவே நூத்தம்பதுக்கு மேல வகைகளை விக்கவே கூடாதுன்னு ஒரு பெரிய பட்டியலையும் போட்டாங்க. வியாபாரிகள் கொதிச்சாங்க, மாநிலங்களும் எதிர்த்தது. அந்த வருஷமே விதிகளைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. பட்டியல் போனது சரிதான். ஆனா குளிப்பாட்டின தண்ணியோட குழந்தையையும் தூக்கிக் கொட்டிட்டாங்க.

என் கட்சி இதுதான். திருக்கையைத் தடை பண்ண வேண்டாம். பண்ணையில பொறந்ததுக்கும், முறையா காகிதம் இருக்கிறதுக்கும் வழி இருக்கட்டும். ஆனா கடை வாசல்ல தொட்டியில போட்டு, போறவன் வர்றவனுக்கெல்லாம் விக்கிறதை நிறுத்தணும். முன்கூட்டி ஆர்டர் கொடுத்தவருக்குத்தான் விக்கணும். பில்லுல அறிவியல் பேரும், வளர்ந்தா எவ்வளவு அகலம்னும் எழுதணும். வளர்ந்த மீனை வித்தவரே திருப்பி எடுத்துக்கணும். இந்தக் கடைசி நிபந்தனை ஒண்ணு வந்தாலே போதும், "நாலடி போதும்"னு சொல்ற வாய் தானா மூடிக்கும்.

"கொளத்தூர்க்காரன் பொழப்புல மண்ணைப் போடாதே"ன்னு சண்டைக்கு வருவீங்க. அந்தக் கடைகள் அரிசி வாங்குறது கப்பியிலயும் கோல்டு ஃபிஷ்லயும்தான். திருக்கையை வெச்சே ஓடுற கடைன்னு ஒண்ணை நான் பார்த்ததில்லை.

டிஸ்கி: "ஞாயித்துக்கிழமை திருக்கைப் புட்டு தின்னுட்டு இப்படி எழுத வெக்கமா இல்லையா?"ன்னு வீட்டம்மணி கேட்டாச்சு. திங்கிறேன், நல்லாத்தான் இருக்கு. அது வேற மேட்டர், தனிப் பதிவு போடுறேன் :-)