சர்க்கார் அறிக்கையும் தமிழ் எழுத்தும்

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரம் என்றோர் ஊர் உண்டு. நம் பார்வைக்கு வந்த ஓர் அறிக்கையில் அவ்வூரின் பெயர் முதலெழுத்திலேயே சிதைந்திருந்தது. பகரத்துக்கு முன் நிற்கவேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னே அநாதையாய் நின்றது. பாலக்கோட்டின் கதியும் அதுவே. காரிமங்கலம் மாத்திரம் கொம்பில்லாப் புண்ணியத்தால் தப்பிற்று! வேறோர் அறிக்கையில் எழுத்துக்களுக்குப் பதில் வெறுங் கட்டங்களே வரிசையாக இருந்தன. தயாரித்த நிலையங்கள் எவையென்று கூற நாம் விரும்பவில்லை.

இக்காலத்தில் அறிக்கைகளையும் சான்றிதழ்களையும் பி.டி.எப். ஆக உண்டாக்குவது 'கிளவுட்' எனப்படும், எங்கோ இருக்கும் வாடகை இயந்திரம். நிரல் எழுதியவரின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இருந்தது. வாடகை இயந்திரத்தில் இல்லை. மைக்ரோஸாப்டின் அஷ்யூரில், பலருக்கும் பொதுவான சாதாரண விண்டோஸ் தளங்களில், வாடிக்கைக்காரர் தம் எழுத்துருவை இயந்திரத்திலேயே நிறுவிக்கொள்ளவும் வழியில்லை. தமிழச்சு இல்லாத அச்சுக்கூடத்துக்குக் கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டுப் புஸ்தகத்தை எதிர்பார்ப்பதை ஒக்கும் இது. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர்கள்கூடத் தமிழ் அச்சுக்களை வார்த்துக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்கினர்.

பரிகாரம் பிரமாதமானதல்ல. எழுத்துருக் கோப்பை நிரலோடு சேர்த்தே அனுப்பி, பி.டி.எப்.-க்குள் அதைப் பொதிந்துவிட வேண்டும். அல்லது 'கன்டெய்னர்' என்னும் தனி உறையில் எழுத்துருவையும் வைத்து அனுப்பலாம். 'நோட்டோ ஸான்ஸ் தமிழ்' காசின்றிக் கிடைக்கிறது. அதன் அநுமதிப் பத்திரமும் இவ்வாறு பொதிவதைத் தடுக்கவில்லை. ஆனால் எழுத்துரு மாத்திரம் போதாது. யூனிகோடில் 'பெ' என்பது பகரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படுகிறது. அதைக் கண்ணுக்கேற்ற வரிசையில் அமைப்பது ஹார்ப்பஸ் போன்ற எழுத்துக்கோக்கும் கருவியின் வேலை. கட்டம் தோன்றினால் எழுத்துரு இல்லையென்றும், கொம்பு இடம் மாறினால் இக்கருவி இல்லையென்றும் பெரும்பாலும் நிச்சயிக்கலாம்.

ஆங்கிலத்திலேயே கொடுத்துவிடலாமே என்போர் உளர். தன் ஊர்ப்பெயரைத் தன் மொழியில் படிக்க விரும்பும் குடியானவனிடம் அந்த நியாயத்தைச் சொல்ல அவர்கள் பென்னாகரம் வருவார்களா? தமிழே ஆட்சிமொழியென்று இராஜ்யத்தில் 1956-லேயே சட்டம் செய்தாயிற்று. கம்ப்யூட்டர்த் தமிழுக்கு யூனிகோடை ஏற்று 2010-ல் உத்தரவும் பிறந்தது. உத்தரவு போட்டோர் ஒப்பந்தப் பத்திரத்தை மறக்கலாகாது. வேலையை ஏற்பவர், பிரஜைகள் உபயோகிக்கப்போகும் அதே வாடகை இயந்திரத்திலிருந்து இந்த ஜில்லாவின் ஊர்ப்பெயர்கள் அனைத்தையும் பிழையின்றி அச்சிட்டுக் காட்டவேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கட்டும். அதுவரை பணப் பட்டுவாடா நிற்கட்டும்.