பனிமலை அருகே ஒரு கல்லூரி



கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரைச் சேர்ந்த தந்தை ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். மலைப்பூண்டும் கேரட்டும் பயிரிட்டுக் குடும்பத்தைக் காப்பவர். மூத்த மகன் உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்திருக்கிறான். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவன்தான். அவனோ, "பனிச்சறுக்குப் பழக வசதியுள்ள ஊரில்தான் படிப்பேன், இல்லையேல் படிப்பே வேண்டாம்" என்கிறானாம். வெள்ளை மலைச்சரிவுகளில் இளைஞர்கள் இரு பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டும், ஒற்றைப் பலகையில் நின்றும் சறுக்கி வருவதைக் கைப்பேசியில் கண்ட நாள்முதல் இந்த எண்ணம் அவனைப் பற்றிக்கொண்டதாம். தாயார் அழுதவண்ணம் இருக்கிறார். தந்தையோ, "சுவாமி, இது படிப்பில் உள்ள ஆசையா, ஊர் சுற்றும் ஆசையா? வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் அடங்கிவிடுவான்" என்று கடிதத்தை முடிக்கிறார்.

அந்த ஒரு வரியை நாம் எழுதப்போவதில்லை. பேருந்தில் குளிர்சாதன வசதி உண்டா என்று பார்த்துக் கல்லூரியில் சேர்ப்போரை நாம் அறிவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த இடம் என்பதற்காகவே நகையை அடகு வைத்துப் பணம் கட்டியோரையும் அறிவோம். அவர்களோடு ஒப்பிட்டால், மலையைக் காரணம் காட்டும் இளைஞன் தாழ்ந்தவன் அல்லன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்வெளி வெண்மையாக உறைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அவன் வீட்டில் உறைபனி என்றால் பயிரைக் கருக்கும் பகை. அதே குளிர் வேறோர் இடத்தில் ஆட்டமும் களிப்புமாக இருப்பதைக் காணும்போது வியப்பு எழாதா?

திருச்சபையும் மலையேறுவோரை முகம் சுளித்துப் பார்த்ததில்லை. ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் வழிப்போக்கர் பனியில் மடியாதபடி விடுதிகள் அமைத்தவர் 11-ஆம் நூற்றாண்டின் மெந்தோன் புனித பெர்னார்து. அவரை 1923-இல் மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவர் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர். இவரே குருவாக இருந்த காலத்தில், 1889-இல், ஆல்ப்ஸின் மோந்தே ரோசா சிகரத்தில் ஏறியவர். நம் பெரியவர்கள் அருள் சின்னப்பர் என்று அழைத்த புனித இரண்டாம் யோவான் பவுல், போலந்து நாட்டுத் தாத்ரா மலைகளில் பனிச்சறுக்கில் தேர்ந்தவர். பாப்பரசரான பின்னும், 1984 ஜூலையில், இத்தாலியின் அதமெல்லோ மலையில் சறுக்கினார்.

ஆயினும் இந்த இளைஞனுக்கு நாம் காட்ட விரும்புகிறவர் பாப்பரசர் அல்லர். இவனைப் போன்ற ஒரு மாணவர். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதர் நிலைக்கு உயர்த்திய பியேர் ஜியோர்ஜியோ பிரசாத்தி அவர்.

1901-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை "லா ஸ்தாம்பா" என்னும் நாளேட்டை நடத்திய செல்வந்தர். ஜெர்மனியில் இத்தாலியத் தூதராகவும் இருந்தவர். தூரின் நகரத்துத் தெருவில் நின்றாலே ஆல்ப்ஸின் பனிச் சிகரங்கள் தென்படும். இளைஞர் பிரசாத்திக்கு மலை உயிர். இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கத்திலும், "இளைய மலை" என்று பொருள்படும் பெயர்கொண்ட கத்தோலிக்க மலைச் சங்கத்திலும் உறுப்பினர். ஏறுவார், சறுக்குவார், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போவார், உரத்த குரலில் பாடுவார். ஞாயிறு திருப்பலி தவறாதபடியே பயணங்களை வகுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் கல்லூரியில் எதைப் படித்தார்? தூரின் அரசுப் பொறியியல் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் படித்தார். சிகரத்தில் நிற்க ஆசைப்பட்டவர் பாதாளத்தில் இறங்கும் தொழிலைத் தேர்ந்ததற்குக் காரணம், அந்நாளில் சுரங்கத் தொழிலாளரைப் போலத் துன்புற்றோர் சிலரே என்பதுதான். அவர்கள் நடுவே பணியாற்றவே அப்படிப்பை மேற்கொண்டார். படிப்பு அவருக்கு எளிதாக வரவில்லை. தேர்வுகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. இடையே வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்தார். வண்டிக்கான காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடியே வருவாராம். 1925 ஜூன் மாதம் கடைசியாக மலையேறினார். இளம்பிள்ளைவாதம் தாக்கி, அதே ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், பட்டம் பெறும் முன்பே 24 வயதில் இறந்தார். அடக்கச் சடங்கன்று தெருக்களில் திரண்ட ஏழைகளின் கூட்டத்தைக் கண்ட பிறகே, தங்கள் மகன் யார் என்று பெற்றோருக்குத் தெரிந்தது.

மலையை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. ஆனால் எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு மலையிடம் விடை கேட்கவும் இல்லை. மன்னவனூர் மாணவனே, உன்னிடம் நாம் சொல்ல விரும்புவதும் அதுவே. முதலில் எதற்காகப் படிக்கிறாய் என்று தீர்மானித்துக்கொள். மலைக்குப் போகும் வழியைப் பிறகு தேடலாம். வழி இருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். நம் பழனி மலையில் ஏன் பனிச்சறுக்கு இல்லை என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து நாம் 10 பாகை வடக்கேதான் இருக்கிறோம். உறைபனி படியுமே தவிர வெண்பனி கொட்டாது. கொட்டும் இடங்கள் இந்தியாவில் இமயத்தில்தான் உண்டு. காஷ்மீரத்தில், சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் குல்மார்க். உத்தரகாண்டில் ஜோஷிமடத்துக்கு மேலே அவுலி. இமாசலத்தில் மணாலியை அடுத்த சோலாங்கும், சிம்லாவுக்கு அப்பால் நார்கண்டாவும். 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகச் சறுக்கிய ஆரிப் கான் குல்மார்க்கின் அடிவாரத்தில் வளர்ந்தவர். அவர் தந்தைக்கு அங்கே சறுக்குக் கருவிகள் விற்கும் கடை இருந்தது. பனியை வாசலில் வைத்துக்கொண்டு வளர்ந்தோர் பலரிலும் ஒருவரே அவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதைத் தம்பி நினைத்துக்கொள்ளட்டும்.

இவ்விடங்களுக்கு அருகே கல்லூரிகள் இல்லாமல் இல்லை. குல்மார்க்கிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீநகரில் பல்கலைக்கழகமே உண்டு. சிம்லாவில் அருட்சகோதரிகள் நடத்தும் புனித பீட் மகளிர் கல்லூரி நூறாண்டைக் கடந்தது. (பெண் மக்களைப் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) ஆனால் ஒரு செய்தியை விளம்பரங்கள் சொல்வதில்லை. பனி பெய்வது டிசம்பர் முதல் மார்ச் வரை. அந்த மலை ஊர்களில் கல்லூரிக்கு நீண்ட விடுமுறை விடுவதும் அக்குளிர் மாதங்களில்தான். மாணவர் அனைவரும் வீட்டுக்குக் கிளம்பும்போது, நம் பிள்ளை மட்டும் விடுதியில் தங்க இடமும் உணவும் தேட வேண்டும். அல்லது மூன்று நாள் இரயில் ஏறி மன்னவனூர் வர வேண்டும். மூன்றாண்டு அங்கே படித்தும் சறுக்குப் பலகையைத் தொடாமல் திரும்பக்கூடும்.

பனியும் வாக்குத் தவறுகிறது. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியின்றி வறண்டு கிடந்தன. 2025-இல் அங்கே பிப்ரவரியில் நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாமையால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. ஓரிடத்து வானிலையை நம்பிப் பட்டப்படிப்பைத் தேர்வது, மழை வரும் என்று நம்பிக் கடன் வாங்குவதைப் போன்றது. உன் தந்தைக்கு அது நன்றாகத் தெரியும்.

தாயாரின் அச்சத்துக்கும் விடை சொல்ல வேண்டும். பொய் சொல்லி அவரைத் தேற்ற நமக்கு மனமில்லை. 2022 அக்டோபர் 4-ஆம் நாள் உத்தரகாண்டில், உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முறையான கழகம், தேர்ந்த ஆசிரியர்கள், அப்படியும் நேர்ந்தது. எனினும் முறையாகப் பழகாமல் நண்பர்களோடு புறப்படுவதில் உள்ள ஆபத்து இதனினும் பெரிது. தடுத்து வைத்த பிள்ளை என்றோ ஒருநாள் சொல்லாமல் போவதைவிட, கற்றுக்கொண்டு போவதே நலம் என்பது நம் கருத்து.

அப்படிக் கற்கும் இடங்கள்: டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமயமலையேற்றக் கழகம்; இப்போது சொன்ன உத்தரகாசிக் கழகம் (1965); மணாலியில் உள்ள அரசு மலையேற்றக் கழகம்; குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம். மலையேற்ற அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். மே, ஜூன் மாதங்களிலும் நடக்கும். நம் தமிழகக் கல்லூரிகளின் கோடை விடுமுறைக்கு அது சரியாகப் பொருந்தும். பனிச்சறுக்குப் பயிற்சி அப்படியன்று. ஏறத்தாழ இரண்டு வாரமே எனினும், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அமைவதால் வகுப்புகள் தவறும். ஆகவே படிக்கும் காலத்தில் மலையேற்றம், பட்டம் பெற்ற பின் வரும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு என்று வரிசைப்படுத்திக்கொள்வது அறிவுடைமை. மலையேற்றத்தில் கால் உறுதிப்பட்டவன் சறுக்குப் பலகையில் விரைவில் நிலைகொள்வான்.

செலவைக் குறித்துத் தந்தை கவலைப்படுவது நியாயம். தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி., தன் மாணவர்களை இக்கழகங்களுக்கு அரசுச் செலவில் அனுப்புகிறது. இடங்கள் சிலவே, தேர்வு கடினம், ஆனால் ஆறாயிரம் அடிக்கு மேலே பிறந்து, பூண்டு மூட்டையைச் சுமந்து ஏறிப் பழகிய பிள்ளைக்குச் சமவெளிப் பிள்ளைகளோடு போட்டியிட அச்சம் ஏன்? ஆகவே கல்லூரி விண்ணப்பத்தில் "பனி உண்டா?" என்று கேட்பதை விடுத்து, "என்.சி.சி. உண்டா? கடந்த ஆண்டுகளில் மலைப் பயிற்சிக்கு யாரேனும் போனார்களா?" என்று நேரில் சென்று கேட்டுவரட்டும்.

எந்தக் கல்லூரி? உயிரியல் படித்தவனுக்கு மலையடிவாரத்திலேயே வாய்ப்பு உண்டு. பெரியகுளத்தில் 1990 முதல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி நடக்கிறது, நான்காண்டுப் படிப்பு, சேர்க்கை மதிப்பெண் வரிசைப்படி. கால்நடை மருத்துவத்தில் நாட்டமிருந்தால் அதற்கும் முயலலாம். மன்னவனூரிலேயே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் 1965 முதல் இருக்கிறது. அதன் வேலிக்கு வெளியே நின்று ஆடுகளை வேடிக்கை பார்த்த ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதற்குள்ளே அறிவியலராக நுழைந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கலாமே!

மலையையும் படிப்பையும் ஒருசேரக் கொண்டாடிய ஒருவர் நம் மலையிலேயே வாழ்ந்தார். சேசு சபைக் குருவான தாவரவியலறிஞர் கே. எம். மத்தேயு அவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-இல் ரப்பினாத் உலர்தாவர நிலையத்தைத் தொடங்கினார். பழனி மலைகளின் சோலைகளிலும் புல்வெளிகளிலும் நடந்து நடந்து செடிகளைச் சேகரித்து, 1999-இல் "பழனி மலைகளின் தாவரங்கள்" என்ற பெருநூலை ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். செண்பகனூரில் ஆங்லாத் இயற்கை வரலாற்று நிலையத்தை நிறுவியவரும் அவரே. அவருடைய கல்லூரி இருந்ததோ வெயில் கொளுத்தும் திருச்சியில்! கல்லூரி கீழே இருந்ததால் மலை அவருக்குத் தூரமாகிவிடவில்லை.

தந்தையாருக்குத் தனியே ஒரு சொல். உம் கடிதத்தில் பனியைப் பற்றி நான்கு வரிகளும், "இவன் போனால் நிலத்தை யார் பார்ப்பது?" என்பது மூன்று முறையும் வருகின்றன. உம் உண்மையான கவலை அதுவாயின், அதைப் பனிச்சறுக்கின் மேல் ஏற்றிச் சொல்லாமல் மகனோடு நேராகப் பேசும். அவனுக்கு நிலத்தில் விருப்பம் உண்டா, இல்லையா என்று கேளும். "இல்லை" என்று அவன் சொன்னாலும் கோபமின்றிக் கேளும். தாயாரும் உடனிருக்கட்டும்.

தம்பிக்கும் ஒன்று. பயிற்சிக் கழகங்கள் மருத்துவச் சான்று கேட்கும். கனத்த பையோடு நாள்முழுதும் நடக்க வைக்கும். இப்போதிருந்தே வாரம் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து, பத்துக் கிலோ சுமையோடு பூண்டி வழியாகக் கிளாவரைக்கு நடந்துபோய்த் திரும்பு. பெரியகுளத்து விண்ணப்பத்துக்கு இறுதி நாள் கடக்குமுன், உன் பங்குத்தந்தையிடம் சான்றிதழ்களைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்.

பிற கடிதங்களுக்கு அடுத்த மாதம் விடை பகர்வோம்.