கரையில் முடிக்கவேண்டிய வேலை

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு யோசனை கேட்டார். ஊரிலுள்ள தம் மைத்துனனை மும்பைக்கு வரவழைக்கப் போகிறாராம். நிலத்தை அடகு வைத்துப் பணம் புரட்டியாயிற்று. ரயில் டிக்கட்டும் வாங்கியாயிற்று. "வேலை என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன். "வந்தபின் பார்த்துக்கொள்ளலாம், சார்" என்றார். அப்போது ஒன்றும் கூறாமல் வந்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவருக்குச் சொல்லவேண்டியதை இம்மாதப் பத்தியில் எழுதுகிறேன். ஏனையோருக்கும் அது பயன்படலாம்.

மைத்துனன் விஷயத்திற்கு வருமுன் ஒரு படகைப் பற்றிக் கூறவேண்டும். நாம் வாழும் இந்நகரில், கொலாபாவில் உருவான படகு அது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கில வணிகக் கப்பல் அதிகாரி 1963-இல் தேக்கு மரத்தில் அதைக் கட்டத் தொடங்கினார். நம் நாட்டுத் தச்சர்கள் வாய்ச்சி கொண்டு செதுக்கியும், வில் துரப்பணம் கொண்டு துளையிட்டும் அதை உருவாக்கினர். நீளம் ஏறக்குறைய 32 அடி; நம்மில் பலர் குடியிருக்கும் அறை இரண்டைச் சேர்த்து வைத்தால் அவ்வளவு இருக்கும். 'சுஹைலி' என்பது பெயர். அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்று ஒன்றுக்கு வழங்கும் பெயர் அது. 1965-இல் மும்பையிலிருந்து புறப்பட்ட அப்படகு, ஆப்பிரிக்காவைச் சுற்றி 1967-இல் இங்கிலாந்தை அடைந்தது.

மறு ஆண்டு லண்டன் பத்திரிகை ஒன்று பந்தயம் ஒன்றை அறிவித்தது. ஒருவர் தனியாக, எங்கும் நில்லாமல், பிறர் உதவி பெறாமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வரவேண்டும். 1968 ஜூன் 1 முதல் அக்டோபர் 31-க்குள் புறப்பட்டுவிட வேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டனர்.

சுஹைலி வேகம் குறைந்த படகு. ஆகவே நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14 அன்றே ஃபால்மத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினார். அதன் விளைவாக, தென்கோளத்தின் குளிர்காலம் முடியுமுன்பே, 40 பாகைக்குத் தெற்கே மலைபோல் அலையெழும் கடலுக்குள் அவர் நுழைய நேர்ந்தது.

அத்தகைய பயணத்திற்கு ஆயத்தம் என்பது யாது? ஓராண்டுக்குப் போதுமான உணவு வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட தகர டப்பாக்கள் அவர் படகில் ஏறின. ஈரத்தில் டப்பாவின் காகிதம் உரிந்துவிட்டால், உள்ளே இருப்பது கறியா பழமா என்று தெரியாது. ஆகையால் காகிதத்தை முன்னரே உரித்து, தகரத்தின்மேல் குறியெழுதி, துருப்பிடிக்காமல் மெருகெண்ணெய் பூசுவது கடலோடிகளின் வழக்கம். கிழிந்த பாயைத் தைக்க ஊசியும் நூலும், அறுந்த கயிற்றுக்கு மாற்றுக் கயிறும், பழுது பார்க்க ஆயுதங்களும் வேண்டும். பார்சல் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது நன்றாக விளங்குகிறது. மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டு நனைந்து போனால், உள்ளிருக்கும் சரக்கு எவருடையது என்று எவராலும் கூற இயலாது.

இவ்வளவு ஆயத்தத்திற்குப் பின்னும் குறைகள் தோன்றவே செய்தன. அட்லாண்டிக் கடலிலேயே படகில் நீர் கசிந்தது. பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கும் வேலையை நம் கடற்கரையில் கலப்பற்று என்பர். ஏரா என்னும் அடிமரத்தையொட்டி அந்த அடைப்பு விட்டுப்போயிருந்தது. அவர் நீரில் மூழ்கி மூழ்கிப் பஞ்சைத் திணித்து, அதன்மேல் கித்தானும் செப்புத் தகடும் வைத்து ஆணியறைந்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு பேரலை படகைப் பக்கவாட்டில் சாய்த்தது. தொட்டியில் வைத்திருந்த குடிநீர் கெட்டுப்போயிற்று. மழைநீரைப் பிடித்துக் குடித்தார். மின்கலத்தை ஊட்டும் எந்திரத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்றை அளந்து வைக்கவேண்டியிருந்தது. அதற்குரிய அளவுத் தகட்டை எடுத்துவர மறந்திருந்தார். ஒரு புத்தகத்தின் தாள்களை எண்ணினார். 200 தாள் ஓர் அங்குலம். அப்படியானால் ஒரு தாள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அத்தாளையே அளவுகோலாகக் கொண்டு வேலையை முடித்தார்.

தானே திசை திருத்தும் சுக்கான் கருவி ஆஸ்திரேலியாவை அணுகுமுன் உடைந்தது. வானொலியும் பழுதாயிற்று. 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் காணப்பட்டவரைப் பற்றி 1969 ஏப்ரல் வரை செய்தியே இல்லை. ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பின், ஃபால்மத் வந்து சேர்ந்தார். ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

இனி மற்றொருவரைப் பற்றிக் கூறவேண்டும். டொனால்டு க்ரோஹர்ஸ்ட் என்பவர் மின்னணுக் கருவிகள் செய்து விற்றவர், மனைவியும் நான்கு குழந்தைகளும் உடையவர், அறிவாளி. தொழில் நொடித்திருந்த நிலையில் பந்தயத்தில் இறங்கினார். படகுக்குப் பணம் கொடுத்தவரோடு அவர் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பின்வாங்கினால் குடும்பமே கடனில் மூழ்கும். படகு கட்டி முடியத் தாமதமாயிற்று. கெடுவின் கடைசி நாளாகிய அக்டோபர் 31 அன்று, கருவிகள் இணைக்கப்படாமல், சாமான்கள் ஒழுங்காக அடுக்கப்படாமல் அவர் புறப்பட்டார். புகுந்த நீரை இறைக்கவேண்டிய குழாய் படகில் ஏறவேயில்லை; மாற்றுச் சாமான்கள் சில கரையிலேயே கிடந்தன.

சில வாரங்களில் படகில் நீர் புகுந்தது. முன்னே சென்றால் மரணம்; திரும்பினால் கடன். அவர் மூன்றாவது வழி ஒன்றைத் தேர்ந்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்க் கணக்குச் செய்தி அனுப்பினார். நைஜல் டெட்லி என்ற மற்றொரு போட்டியாளர் அதை மெய்யென்று நம்பினார். க்ரோஹர்ஸ்ட் தம்மை முந்திவிடுவாரோ என்று, நைந்துபோன தம் படகை விரட்டினார். 1969 மே மாதம், பயணம் முடியும் தறுவாயில் அது உடைந்து மூழ்கியது. டெட்லி உயிர் பிழைத்தார். ஜூலை 10 அன்று க்ரோஹர்ஸ்டின் படகு ஆளில்லாமல் மிதக்கக் கண்டனர். அவர் திரும்பவேயில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை அக்குடும்பத்திற்கு அளித்துவிட்டார்.

அன்பர்களே, க்ரோஹர்ஸ்டை இகழ எனக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புச் சான்றிதழும் மூன்று சட்டைகளுமாக நான் இந்நகரில் வந்திறங்கினேன். வருவதாகச் சொல்லப்பட்ட வேலை வரவில்லை. நான்கு மாதம் தாராவியில் ஒரு நண்பரின் அறையில் தரையில் படுத்தேன். அம்மா தொலைபேசியில், "வேலை எப்படிடா இருக்கு?" என்று கேட்டபோதெல்லாம், "நல்லா இருக்கும்மா" என்றேன். ஒரு சொல்தானே என்று எண்ணினேன். அப்பா அச்சொல்லை நம்பினார். மகன் மாதாமாதம் அனுப்புவான் என்று, தங்கையின் திருமணத்திற்கு வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார். செய்தி கேட்டபோது என் கை நடுங்கியது. உண்மையைக் கூறியபின் அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பின்னர் தேர்வெழுதி ரயில்வேயில் சேர்ந்தேன். அக்கடனை அடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

நான் மூட்டையில் எடுத்துவராதது எது என்று பிற்காலத்தில் யோசித்தேன். பணம் குறைவுதான், ஆனால் பெருங்குறை அதுவன்று. "முடியாவிட்டால் திரும்பி வா, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டோம்" என்ற சொல்லை வீட்டார் எனக்குக் கட்டிக் கொடுக்கவில்லை. நானும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பந்தயத்தில் புறப்பட்ட ஒன்பது பேரில் ஐவர், படகோ உடலோ தாங்காதெனக் கண்டு பாதியிலேயே கரை சேர்ந்தனர். ஐவரும் உயிரோடு வீடு திரும்பினர். அதுவும் ஒரு வெற்றியே.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தைச் சேர்ந்த தில்னா ஆகிய நம் கடற்படை அதிகாரிகள் இருவர், 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பியதை நாம் அறிவோம். எட்டு மாதப் பயணத்திற்கு அவர்கள் மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற்றனர். இந்தக் கணக்கை மறவாதீர்கள்.

ஆகவே அந்த அன்பருக்கு என் விண்ணப்பம் இது. டிக்கட்டைத் தள்ளிப் போடுங்கள். இரண்டு மாதம் கடந்தால் குடி முழுகாது. அதற்குள் வேலைக்கு ஓரிடத்திலாவது பேசி முடியுங்கள். சான்றிதழ்களுக்கு நகலெடுத்து உறையில் போட்டு, மேலே பெயரெழுதச் சொல்லுங்கள். திரும்பிச் செல்வதற்கான ரயில் கட்டணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்து, அதைத் தொடவேண்டாமென்று கூறுங்கள். நிலத்தை மீட்க வழியுண்டா என்றும் பாருங்கள். பையன் வந்தபின், "எப்படி இருக்கிறாய்?" என்று அவனைக் கேட்பதோடு நில்லாமல், அவன் கூறும் "நலம்" உண்மைதானா என்று வாரம் ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உடன் வருகிறேன்.

கலப்பற்றைக் கரையிலேயே பார்த்துவிட்டால், நடுக்கடலில் மூழ்கவேண்டிய அவசியம் நேராது.