போட்டோவுக்கு லேப்டாப் வாங்கப் போறீங்களா? காசை எதுல போடணும்னு சொல்றேன்

1/
"டாக்டர், போட்டோ எடிட் பண்ணணும், வீட்டுப் படம், வீடியோ எல்லாத்தையும் சேத்து வைக்கணும். 2 டிபி லேப்டாப்பா வாங்கிடட்டுமா?" பிரஷர் பார்க்க ஓபிக்கு வந்தவர் கேட்டார். நான் கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. ஆனா இந்த விஷயத்துல அடி வாங்கினவன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

2/
அவர் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. எடிட் பண்றது ஒரு வேலை. பத்திரமா வைக்கிறது வேற வேலை. லேப்டாப் முதல் வேலைக்குத்தான். இரண்டாவதையும் அதன் தலையில் கட்டாதீங்க.

3/
முதலில் திரை. கடையில் பிராசஸர் பத்தி அரை மணி நேரம் பேசுவாங்க, திரை பத்தி பேச மாட்டாங்க. விலை குறைந்த பல மாடல்களில் 45% என்டிஎஸ்சி திரைதான் இருக்கும். போட்டோவுக்கும் இணையத்துக்கும் பொதுவா இருக்கிற எஸ்ஆர்ஜிபி நிறங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும்.

4/
நோயாளிகள் அனுப்புற தோல் தடிப்புப் படங்களை அப்படி ஒரு திரையில் பார்த்திருக்கேன். நேரில் செக்கச் செவேல்னு இருக்கிறது அங்கே வெளிறிக் கிடக்கும். எடிட்டிங்கிலும் இதே கதைதான். நிறம் போதலைன்னு நீங்க ஏத்துவீங்க, பிரிண்ட் போட்டா மணப்பெண் முகம் குங்குமம் பூசின மாதிரி வரும். "100% எஸ்ஆர்ஜிபியா?" என்று கேட்டு வாங்குங்க.

5/
அடுத்து ரேம். 16 ஜிபிக்குக் கீழே போகாதீங்க. மெல்லிசான பல லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே சால்டர் பண்ணியிருப்பாங்க. ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்கில் பின்னாடி கூட்டவே முடியாது. வாங்குற அன்னைக்கு எடுக்கிற முடிவுதான் கடைசி வரைக்கும்.

6/
எஸ்எஸ்டி? நடப்பு வேலைக்கு 512 ஜிபி போதும். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 25 எம்பி என்று வைத்தாலும், ஒரு கல்யாணத்தில் 1000 படம் எடுத்தால் 25 ஜிபி. இப்படிப் போனால் 2 டிபியும் ஒருநாள் நிறையத்தான் போகுது. அதுக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற காசை திரையில் போடுங்க.

7/
இப்போ நான் வாங்கின அடி. அப்பாவோட கடைசி மூணு வருஷப் படங்கள் என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் காலையில் அது ஆன் ஆகலை. ஹார்ட் டிஸ்க் சாகிறதுக்கு முன்னாடி சில சமயம் கடகடன்னு சத்தமாவது போடும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமலே போயிடும். ரெகவரிக்குக் கொடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் வரலை. அப்போ அப்பாவும் இல்லை. மிச்சம், அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்த 11 படம். வாட்ஸப் சுருக்கின படங்கள். பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டக்கூட முடியலை.

8/
பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கின ஒரு விதி உண்டு: 3-2-1. மூணு பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒண்ணு வேற இடத்தில். அந்தக் கடைசி "1" ஏன்னு 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லேப்டாப், ஹார்ட் டிஸ்க், கல்யாண ஆல்பம் மூணும் ஒரே அலமாரியில் இருந்தால் மூணும் ஒண்ணாத்தான் நனையும்.

9/
"கூகுள் போட்டோஸ்ல இருக்கே?" அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் கிடையாது. ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்தே 15 ஜிபிதான் இலவசம். அதைவிட முக்கியம், போனில் அந்த ஆப்பில் தெரியாம டெலீட் பண்ணினா அங்கேயும் போயிடும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் இல்லை. அதை மூணில் ஒரு பிரதியா வைங்க, ஒரே பிரதியா வைக்காதீங்க.

10/
என் சீட்டு இதுதான். நல்ல திரை, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப். கூடவே 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒண்ணு உங்க வீட்டில், இன்னொண்ணு அண்ணன் வீட்டிலோ தங்கச்சி வீட்டிலோ. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாத்திக்கோங்க. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுங்க. காப்பி ஆனதும் கழட்டி வைங்க, லேப்டாப்பில் ரான்சம்வேர் புகுந்தால் செருகியிருக்கிற டிஸ்க்கையும் அது விடாது. மாத்தும்போது நாலு படத்தைத் திறந்து பாருங்க. அதுதான் செக்கப்.

11/
கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அம்மா அப்பா படங்கள் இப்போ எத்தனை இடத்தில் இருக்குன்னு எண்ணுங்க. பதில் "ஒண்ணு"ன்னா, லேப்டாப் அடுத்த மாசம் வாங்கிக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை இந்த வாரமே வாங்குங்க.