றிபே ஆற்றங்கரையில் ஒரு தூண்

கோடை விடுமுறை வந்துவிட்டால் எம்மவர்கள் பில்லுண்டில் விமானம் ஏறி ஸ்பெயினின் தென்கரைக்குப் பறந்துவிடுகிறார்கள். திரும்பி வந்தால் ஒரு மாதத்துக்கு அந்தக் கடலும் வெயிலும்தான் பேச்சு. இதில் எமக்கு ஆட்சேபனை எதுவும் இல்லை. முப்பது, முப்பத்தைந்து வருடங்கள் பனியிலும் தொழிற்சாலை இரைச்சலிலும் கிடந்த உடம்புக்கு வெயில் வேண்டும்தான். ஆனால் அதே பில்லுண்டிலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் றிபே என்ற ஆற்றங்கரை ஊரை எம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கேட்டால், 'அங்க என்ன கிடக்கு? பழைய வீடுகளும் ஒரு சேர்ச்சும்' என்று பதில் வரும்.

கடந்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் சில குடும்பங்களாக அங்கு போனோம். புட்டும் கட்டாச் சம்பலும் கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போன வழக்கமான 'சுற்றுலா'தான். ஆனால் திரும்பி வரும்போது எமக்குள் ஒரு சண்டை மூண்டது. அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

றிபே டென்மார்க்கின் மிகப் பழைய நகரம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு சந்தை கூடியிருக்கிறது. இன்று எண்ணாயிரம் பேரளவில் வாழும் சிற்றூர். கல் பதித்த ஒழுங்கைகள், சரிந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், நடுவே பெரிய தேவாலயம், காலடியில் ஆறு. கோடை மாலைகளில் இராக்காவலன் வேடமிட்ட ஒருவர் பாடிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். ஆறு என்றால் எமக்குத் தனி மயக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவனுக்கு ஆறு ஏது? மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர, எமக்குக் கிணறும் குளமும் கடலும்தான். ஆகவே வெகுநேரம் ஆற்றங்கரையிலேயே நின்றோம்.

அங்கேதான் அந்தத் தூண் நிற்கிறது. பழைய துறைமுகக் கரையில் நடப்பட்ட வெள்ளத் தூண். வடகடல் பொங்கி ஊருக்குள் புகுந்த ஒவ்வொரு பெருவெள்ளத்தின் உயரமும் ஆண்டோடு அதில் அடையாளமிடப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தில், 1634. வழமையான நீர்மட்டத்துக்கு மேல் ஆறு மீற்றர் வரை தண்ணீர் எழுந்த வருடம் அது. எம்முடன் வந்த சின்னவன் ஒருவன் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'தாத்தா, இது ஏன் இன்னும் வச்சிருக்கினம்?' என்று கேட்டான். நல்ல கேள்வி. தண்ணீர் வடிந்து கிட்டத்தட்ட நானூறு வருடமாகிவிட்டது. அணைக்கட்டும் வந்துவிட்டது. ஆனாலும் இந்த உயரத்துக்கு ஒருநாள் தண்ணீர் வந்தது என்பதை மறக்க இந்த ஊர் மறுக்கிறது.

தன் அவமானத்தையும் இந்த ஊர் மறைக்கவில்லை. 1641இல் மாறன் ஸ்பிளீத் என்ற பெண்ணை, ஒரு தையற்காரரின் மனைவியை, சூனியக்காரி என்று சொல்லி இங்கே உயிரோடு எரித்தார்கள். இன்று அவருக்கு நினைவுக் கற்பலகை இருக்கிறது. சூனிய வேட்டையைப் பற்றியே 2020இல் ஓர் அருங்காட்சியகத்தையும் திறந்திருக்கிறார்கள். 'எங்கள் முன்னோர்தான் கொளுத்தினார்கள்' என்று கதவைத் திறந்து காட்டுகிறார்கள்.

இன்னொரு அருங்காட்சியகமும் உண்டு. 2019இல் திறக்கப்பட்டது. யாக்கோப் றீஸ் என்பவருடையது. 1849இல் றிபேயில் ஓர் ஆசிரியருக்குப் பிறந்தவர். 1870இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். அங்கே வேலையில்லாமல், பட்டினி கிடந்து, பொலிஸ் நிலைய விடுதிகளில் படுத்தெழும்பி, பின்பு பத்திரிகையாளராகி, நியூயோர்க்கின் சேரிகளில் குடியேறிகள் கிடந்த கிடையைக் கமராவால் உலகத்துக்குக் காட்டியவர். 1890இல் வெளியான அவரது நூல் அந்த நகரத்தையே உலுக்கியது. அதில் சீனரையும் யூதரையும் பற்றி அவர் எழுதிய சில பகுதிகள் இன்று படிக்கக் கூசுபவை. அதுவும் உண்மை. ஏழைக் குடியேறியாய் இருந்தவனும் அடுத்துவந்த குடியேறியை இளக்காரமாய்ப் பார்ப்பான் என்பதற்கு அதுவே சாட்சி. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

றீசின் வாழ்க்கையில் எம்மை நிறுத்திய இடம் வேறு. ஊரில் அவர் விரும்பிய பெண் எலிசபெத் முதலில் அவரை மறுத்துவிட்டாள். வருடங்கள் கழித்து மனம் மாறினாள். றீஸ் திரும்பி வந்தார். 1876இல் நாம் நின்ற அதே தேவாலயத்தில் திருமணம். மனைவியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டார். அவ்வளவுதான் கதை! எந்த அமைச்சனின் கையொப்பமும் தேவைப்படவில்லை. எத்தனை வருடம் அங்கு இருந்தாய், எத்தனை சதுர மீற்றர் வீடு, வங்கியில் எவ்வளவு காசு என்று எவரும் கேட்கவில்லை.

தேவாலயத்தின் பீடப்பகுதியில் கார்ல்-ஹென்னிங் பீடர்சன் என்ற ஓவியர் தீட்டிய கடும் வண்ணச் சித்திரங்களும் கண்ணாடி யன்னல்களும் இருக்கின்றன. 1982 முதல் 1987 வரை அந்த வேலை நடந்ததாம். 1987 என்றதும் எம்முடன் வந்த ஒருவர் பேசாமல் வெளியே போய் ஆற்றங்கரையில் இருந்துவிட்டார். ஏனென்று எம் வயதுக்காரருக்கு விளங்கியது. பிள்ளைகளுக்கு விளங்கவில்லை.

*

பிள்ளைகளுக்கு விளங்காததுதான் எமது குற்றச்சாட்டு.

எண்பதுகளின் நடுப்பகுதியில் வந்து இறங்கிய எம்மை இந்த நாடு ஹேர்னிங், ஹொல்ஸ்ரப்றோ, ஸ்ருவர், கிறின்ஸ்ரெட், பிரண்டே என்று சிற்றூர் சிற்றூராகப் பிரித்துக் குடியிருத்தியது. 1983இன் வெளிநாட்டவர் சட்டம் அகதிக்குத் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருந்தது. சலுகையல்ல, உரிமை. 1987 செப்டெம்பரில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி தன் அதிகாரிகளைப் பணித்தார். சட்டத்தை மாற்றவில்லை, பாராளுமன்றத்தைக் கேட்கவில்லை. கோப்புகளை அடுக்கின் அடியில் வைக்கச் சொன்னார். அந்த யூலையில் இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. சமாதானம் வந்துவிடும், இவர்கள் திரும்பிப் போகட்டும் என்பது கணக்கு. ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தின் ஷெல்கள் விழுந்துகொண்டிருந்தன. இங்கே இருந்தவன் தபாற்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இருந்தவள் பதுங்குகுழிக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பின்பு நடந்தது இந்த நாட்டின் வரலாறு. 1989இல் பாராளுமன்றக் குறைகேள் அதிகாரி அமைச்சைக் கண்டித்தார். எதையும் கம்பளத்தின் அடியில் கூட்டித் தள்ளவில்லை என்று பிரதமர் போல் ஷ்லூற்றர் பாராளுமன்றத்தில் சொன்னார். நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெத்தின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட ஷ்லூற்றர் பதவி விலகினார். 1995இல் உயர் அரச நீதிமன்றம், 1910க்குப் பிறகு முதல் தடவையாகக் கூடி, நின்-ஹான்சனுக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

இதை எம்மவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? 'தமிழன் டென்மார்க்கில ஒரு அரசாங்கத்தையே கவிட்டவன்!' கலியாண வீட்டில், பிறந்தநாள் கொண்டாட்டத்தில், இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் இந்த வசனம் வரும். நண்பர்களே, யார் கவிழ்த்தது? குறைகேள் அதிகாரியும், விடாமல் துருவிய பத்திரிகையாளர்களும், கேள்வி கேட்ட பாராளுமன்ற உறுப்பினர்களும், ஒரு நீதிபதியும் செய்த வேலை அது. நாம் அதில் அடுக்கின் அடியில் கிடந்த கோப்புகள். எம்மில் திரும்பத் திரும்ப எழுதி முறையிட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எவருக்காவது ஞாபகமிருக்கிறதா? 'தமிழர் வழக்கு' என்று டெனிஷ்காரர் எம் பெயரையே வைத்துவிட்டார்கள். வழக்குக்குள் தமிழரைத்தான் காணவில்லை.

ஆற்றங்கரையில் போய் இருந்தவரின் வீட்டில் ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது. அதற்குள் மனைவி எழுதிய நீலநிற விமானத் தபால்களும், 'உமது விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று ஓர் அலுவலகம் அனுப்பிய கடிதங்களும். மனைவி வந்துசேர்ந்தபோது இரண்டு வயதில் விட்டுவந்த மகன் இவரை 'மாமா' என்று கூப்பிட்டானாம். அந்த மகன் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். போன வருடம் வீடு மாறியபோது, 'அப்பா, இந்தக் குப்பைய எறிவமே?' என்று கேட்டிருக்கிறான். அவன்மேல் பிழையில்லை. அது என்னவென்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எமது வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தது என்பதற்குத் தூண் எங்கே?

*

'பழசைக் கிளறி என்ன கண்டது?' இதுதான் காருக்குள் மூண்ட சண்டை. பழசா? கேளுங்கள்.

2015இல் இந்த நாடு தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதிகள் குடும்பத்தை அழைக்க ஒரு வருடம் பொறுக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. 2016இல் அதை மூன்று வருடமாக்கியது. அகப்பட்டவர்கள் பெரும்பாலும் சிரியர்கள். 1987இல் அமைச்சர் சட்டத்தை மீறி இரகசியமாகச் செய்ததை 2016இல் சட்டமாகவே எழுதிப் பகிரங்கமாகச் செய்தார்கள். தமிழர் வழக்கிலிருந்து இந்த அரசு படித்த பாடம் இதுதான்: காக்க வைப்பது பிழையல்ல, ஒளித்துச் செய்வதுதான் பிழை! மனைவியை அழைக்க முடியாத ஒரு சிரியரின் வழக்கில், இந்த மூன்று வருடக் காத்திருப்பு குடும்ப வாழ்வுக்கான அவரது உரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 யூலையில் தீர்ப்பளித்தது.

அதே வருடம் டிசெம்பரில் உயர் அரச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பைச் சொன்னது. முன்னாள் குடிவரவு அமைச்சர் இங்கர் ஸ்டொய்பேர்க், இருவரில் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயுள்ள அகதித் தம்பதிகளை, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராயாமல் ஒட்டுமொத்தமாகப் பிரிக்கும்படி 2016இல் உத்தரவிட்டது சட்டவிரோதம் என்று அறுபது நாட் சிறை. வயது குறைந்தவர்களைப் பாதுகாக்க வேண்டாமா என்றால் வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொன்றாய் ஆராயும்படி சட்டம் சொன்னது. 1910க்குப் பிறகு அந்த நீதிமன்றம் இரண்டே தடவைகள்தான் கூடியிருக்கிறது. இரண்டும் அகதிகளின் குடும்பங்களைப் பற்றியவை! தண்டனை பெற்ற அமைச்சர் 2022இல் புதுக் கட்சி தொடங்கிப் பதினான்கு ஆசனங்களுடன் பாராளுமன்றத்துக்குத் திரும்பினார்.

இப்போது வெட்கத்தோடு சொல்லவேண்டியதைச் சொல்கிறோம். இந்தச் சட்டங்கள் வந்தபோது எம்மவர் பலர் கைதட்டினார்கள். 'எங்கட ஆக்கள் உழைச்சு முன்னுக்கு வந்தவை. இவங்கள் சும்மா இருந்து காசெடுக்கிறாங்கள். இவங்களாலதான் எங்களுக்கும் கெட்ட பெயர்.' இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ் வரவேற்பறை டென்மார்க்கில் உண்டா? எண்பதுகளில் எம்மைப் பற்றி இதையேதான் சொன்னார்கள். இளம் ஆம்பிளையள் தனியாக வருகிறார்கள், பொருளாதார அகதிகள், குடும்பத்தை இழுக்கப் பார்க்கிறார்கள் என்று. சொல்லுக்குச் சொல் அதேதான். றீஸ் சீனரைப் பார்த்த பார்வையை நாம் சிரியரின் மீது பார்க்கிறோம். றீசாவது சேரிக்குள் போய்ப் படம் பிடித்தார். நாம் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம்.

இது கெட்ட மனத்தால் வந்ததல்ல, மறதியால் வந்தது என்றே நினைக்கிறோம். தபாற்பெட்டியைப் பார்த்து நின்ற காலைகளை நாமே குப்பை என்று ஒதுக்கிவிட்டால், இன்னொருவன் நிற்கும்போது எப்படி அடையாளம் தெரியும்?

ஹேர்னிங்கில் பிள்ளையாருக்கும் பிரண்டேயில் அபிராமிக்கும் கோவில் எழுப்ப எம்மால் முடிந்தது. நல்லது. தேர் இழுக்கத் திரளும் கூட்டத்தில் பாதிப் பேராவது தங்கள் அலுமாரிகளைத் திறக்கட்டும். கடிதங்களை, நிராகரிப்புகளை, பழைய படங்களைச் சேருங்கள். இந்த நாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுங்கள். அது உங்கள் ஊரின் வரலாறும்தான். சட்டம் படித்த எம் பிள்ளைகள் ஹோர்ன்ஸ்லெத் அறிக்கையை வாசித்துத் தமிழில் எழுதட்டும். காத்திருந்த பெண்களிடம் கேளுங்கள். இத்தனை காலமும் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. வருடத்துக்கு வருடம் செத்தவீடுகள் கூடிக்கொண்டு போகின்றன. பிந்தினால் கேட்க ஆளில்லை.

திரும்பும்போது அந்தச் சின்னவன் காருக்குள் மறுபடியும் கேட்டான்: 'தாத்தா ஏன் ஆத்தடியில தனிய இருந்தவர்?' ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின்சீற்றிலிருந்து அவரே சொல்லத் தொடங்கினார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பொறுத்து, முதல் தடவையாக. ஹேர்னிங் வந்துசேரும்வரை சொன்னார். கார் நின்ற பிறகும் எவரும் இறங்கவில்லை.