லாரா சொல்லாமல் விட்ட தம்பி

லாரா இங்கல்ஸ் வைல்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கூட்டம் கிளம்பிவிடும். ‘சின்ன வயசுல படிச்ச புத்தகம், அதைப் போய் நோண்டாதீங்கப்பா’ என்பது ஒன்று. ‘இனவாதி, தூக்கிப் போடு’ என்பது இன்னொன்று. 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு, அவர் பெயரில் இருந்த விருதுக்கு வேறு பெயர் வைத்தபோது இரண்டும் முட்டிக்கொண்டன. எனக்கு இரண்டின் மீதும் எரிச்சல். அந்தக் குடும்பத்தின் நிஜக் கதையைப் படிக்க இரண்டு பேருக்குமே பொறுமை இல்லை.

‘லிட்டில் ஹவுஸ்’ நாவல்கள் (தமிழில் ‘சின்ன வீடு’ என்று போட்டால் வேறு கதையாகிவிடும்) 1932 முதல் வெளிவந்தன. அப்பா சார்ல்ஸ், அம்மா கரோலின், பெண்பிள்ளைகள், ஒரு கூண்டு வண்டி. மேற்கே போகிறார்கள், மரம் வெட்டி வீடு கட்டுகிறார்கள், யாரிடமும் கை நீட்டாமல் வாழ்கிறார்கள்.

அந்தக் ‘கை நீட்டாமல்’ என்பதில்தான் என் சண்டை.

1869-இல் அவர்கள் கன்சாஸில் போய் உட்கார்ந்த நிலம் ஓசேஜ் மக்களுடையது. சட்டப்படி அங்கே குடியேற உரிமையே கிடையாது. அடுத்த வருடக் கணக்கெடுப்பில், இந்த நிலம் ஓசேஜ்களுக்குச் சொந்தம், குடியேறியவர்களுக்குப் பட்டா இல்லை என்று கணக்கெடுத்தவரே குறித்து வைத்தார். நாவலில் அரசாங்கம் துரத்தப்போகிறது என்று அப்பா கோபமாகக் கிளம்புகிறார். நிஜத்தில் வெளியேற வேண்டி வந்தது ஓசேஜ்கள்தான். இங்கல்ஸ் குடும்பம் திரும்பியதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது: விஸ்கான்சினில் அவர்களுடைய பழைய இடத்தை வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை.

பிறகு மினசோட்டா. வெட்டுக்கிளி வந்து கோதுமையை மொட்டையடித்தது. 1875-இல் சார்ல்ஸ், தன்னிடம் எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நிவாரண மாவு வாங்கினார். நாவலில் அந்தக் கையெழுத்து இல்லை. அதே நவம்பரில் ஒரு மகன் பிறந்தான். சார்ல்ஸ் ஃபிரெடெரிக், வீட்டில் ஃபிரெடி. அடுத்த ஆகஸ்டில், அயோவாவுக்குப் போகும் வழியில், ஒன்பது மாதக் குழந்தையாகச் செத்துப்போனான். நாவல்களில் அவன் பிறக்கவே இல்லை.

அயோவாவின் பர் ஓக் என்ற ஊரும் நாவல்களில் கிடையாது. அங்கே அவர்கள் ஓட்டல் வேலை செய்தார்கள். லாராவுக்கு ஒன்பது, பத்து வயது. ஊர் டாக்டரின் மனைவி லாராவைத் தத்துக் கொடுக்கிறாயா என்று கரோலினிடம் கேட்டார். மகனைப் புதைத்து வந்த தாயிடம், உன் பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்று ஒருத்தி கேட்கிறாள்! கரோலின் மறுத்துவிட்டார். கடைசியில் வாடகை பாக்கியோடு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், கையில் புதிதாகப் பிறந்த கிரேஸ் வேறு.

சொல்லுங்கள், இதில் எது வெட்கப்பட வேண்டிய விஷயம்? தன் உழைப்பால் மட்டுமே நிமிர்ந்த குடும்பம் என்ற படத்துக்கு இதெல்லாம் பொருந்தாது, அவ்வளவுதான். பார்வை போன அக்கா மேரி அயோவாவில் பார்வையற்றோர் கல்லூரியில் படித்தாரே, அந்தப் படிப்புச் செலவை டகோட்டா பிரதேச அரசு கொடுத்தது. நாவலில் அந்தப் பாரம் லாராவின் தையலிலும் வாத்தியார் சம்பளத்திலும் ஏறி நிற்கிறது. டகோட்டாவில் சார்ல்ஸுக்குக் கிடைத்த 160 ஏக்கரும் 1862-ஆம் வருடச் சட்டப்படி அரசாங்கம் கொடுத்ததே. அதற்கு முன்பு அது யார் நிலம் என்று கேட்டால் மறுபடி கன்சாஸ் கதைதான்.

‘நாவல்தானே, எதை வேணும்னாலும் விடலாம்’ என்பார்கள். விடலாம். ஆனால் எதை விட்டார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். நிவாரணம், கடன், அரசுப் பணம். 1930-களில், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, அம்மாவும் மகள் ரோஸும் சேர்ந்து இந்தக் கதைகளைச் செதுக்கினார்கள். ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் இருவருக்கும் ஆகாது, ரோஸுக்குச் சுத்தமாக ஆகாது. மாவுக்குக் கையெழுத்துப் போட்ட அப்பா அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சங்கடமான ஆள். சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் உண்மை முழுவதையும் சொல்லவில்லை என்று 1937-இல் டெட்ராய்ட்டில் லாராவே பேசியிருக்கிறார். பாராட்டலாம். ஆனால் பர் ஓக்கில் பாத்திரம் கழுவிய சிறுமிக்கு அது நியாயம் செய்யவில்லை. முன்னோடிப் பெண் என்று கோயில் கட்டுகிறவர்கள், அந்தப் பெண் பட்டதைத்தான் முதலில் வெளியே வீசுகிறார்கள்.

நாவல்களுக்கு முன்னால், 1930-இல், பெரியவர்களுக்காக லாரா எழுதிய தன்வரலாறு ஒன்று உண்டு. பெயர் ‘பயனியர் கேர்ள்’. அப்போது எந்தப் பதிப்பகமும் வாங்கவில்லை. 2014-இல்தான் விரிவான குறிப்புகளோடு புத்தகமாக வந்தது. கையில் கிடைத்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். நேராக பர் ஓக்குக்குப் போங்கள். ஃபிரெடி அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறான்.